பதினாறு வயது மகள் கோடை விடுமுறையில் சமூகநீதி வகுப்புக்குப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?

சான்ஹோசே அம்மா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யோசனை சொல்லுங்கள்.

நாங்கள் கலிபோர்னியாவின் சான்ஹோசேயில் இருக்கிறோம், வந்து பதினோரு வருடம் ஆகிறது. கணவருக்கு எச்1பி என்ற வேலை விசா, எனக்கும் மகளுக்கும் அதைச் சார்ந்த எச்4 குடும்ப விசா. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், நின்றுகொண்டே இருக்கிறோம். மகளுக்குப் பதினாறு நடக்கிறது, பத்தாவது படிக்கிறாள். போன வருடம் பள்ளியில் எத்னிக் ஸ்டடீஸ் என்ற பாடம் எடுத்தாள். கறுப்பின மக்கள், மெக்சிக வம்சாவளியினர், பூர்வகுடிகள், ஆசியர்கள் எல்லாம் இந்த நாட்டில் என்ன பாடுபட்டார்கள், எப்படி எதிர்த்து நின்றார்கள் என்பதுதான் பாடம். சரி, மார்க் வாங்க ஒரு சுலபமான வகுப்பு போல என்று நானும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் பிள்ளை மாறிவிட்டாள். முன்பெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போகிறவள், இப்போது மேசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள். போன மாதம் அப்பாவிடம், "நாம் இந்த நாட்டுக்கு வர முடிந்தது யாரால் தெரியுமா?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே "என் மூளையால்" என்றார். "1965 குடியேற்றச் சட்டத்துக்கு முன்னால் உங்க மாதிரி மூளைகளுக்கு இந்தியா முழுக்கச் சேர்த்து வருஷத்துக்கு நூறு இடம்தான்பா. கறுப்பின மக்கள் தெருவில் அடி வாங்கினார்களே, அந்தக் காற்றில்தான் அந்தக் கதவும் திறந்தது" என்று சொல்லிவிட்டாள். அவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. நான் ரசம் எடுத்து வருகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓக்லாந்தில் ஓர் அமைப்பு கோடையில் ஆறு வாரம் வகுப்பு நடத்துகிறது, பெரும்பாலும் கறுப்பின, லத்தீன், ஆசியக் குடும்பங்களின் ஹைஸ்கூல் பிள்ளைகள் வருவார்களாம். காலையில் வரலாறு, மதியம் தங்கள் ஊரில் ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்வது, கடைசியில் அதைச் சரிசெய்ய ஏதாவது ஒரு முயற்சி. முடித்தால் 600 டாலர் ஊக்கத்தொகை. இவள் விண்ணப்பம் போட்டு இடமும் வாங்கிவிட்டாள். கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

கணவர் ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். கல்லூரி சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்கு உட்கார வேண்டிய ஆறு வாரம் போய்விடுமே என்பது ஒன்று. "நாம் இங்கே விருந்தாளி, விருந்துக்குப் போன வீட்டுச் சண்டையில் போய் நிற்கலாமா" என்பது இன்னொன்று. எனக்கோ இரண்டு பக்கமும் இழுக்கிறது. இந்த மாதிரி வகுப்புகளில் உருப்படியாக ஏதாவது கற்றுத் தருகிறார்களா, இல்லை பிள்ளைகளுக்குக் கோபத்தை மட்டும் ஊட்டி அனுப்புகிறார்களா? நாளைக்கு விசாவில் ஏதும் சிக்கல் வருமா? பிள்ளையை அனுப்பியவர்கள், அனுப்பாதவர்கள், இதில் படித்து வந்தவர்கள் யார் இருந்தாலும் சொல்லுங்கள்.


வகுப்பறைவாசி:

சகோதரி, கலிபோர்னியாவில் பதினான்கு வருடமாக ஹைஸ்கூலில் வரலாறு எடுக்கிறேன், அதில் நான்கு வருடம் எத்னிக் ஸ்டடீஸும் எடுத்திருக்கிறேன். முதலில் ஒன்று, மேசையில் உங்கள் மகள் சொன்ன கணக்கு சரிதான். 1946 சட்டம் இந்தியர்களுக்கு ஒதுக்கியது வருடத்துக்கு நூறு பேர். அப்பாவுக்கு வலித்திருக்கும், ஆனால் பிள்ளை வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

கோபத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் கோபத்தோடுதான் வருகிறார்கள். கடையில் காவலாளி பின்னாலேயே வந்தது, பெயரை வேண்டுமென்றே தப்பாகக் கூப்பிட்டது, அண்ணனை போலீஸ் நிறுத்தியது என்று ஆளுக்கொரு கதை இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. நல்ல வகுப்பு அந்த இடத்தில் கைத்தொழில் மாதிரி ஒன்றைக் கற்றுக்கொடுக்கும். மோசமான வகுப்பு கோபத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு மணி அடித்ததும் அனுப்பிவிடும். இரண்டும் இருக்கிறது, நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். என் முதல் வருடத்து வகுப்பு இரண்டாவது வகை, வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

கைத்தொழில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நாட்டில் இந்தக் கல்வியின் வரலாறே அப்படித்தான். ஜேம்ஸ் லாசன் என்று ஒரு கறுப்பின மதகுரு. 1950களில் நாகபுரியில் மூன்று வருடம் தங்கி காந்தியின் வழிகளைப் படித்துவிட்டுத் திரும்பியவர். டென்னசியின் நாஷ்வில்லில் கல்லூரி மாணவர்களைச் சேர்த்து தேவாலயத்தில் பயிற்சி வகுப்பு நடத்தினார். ஒருத்தர் நாற்காலியில் உட்கார வேண்டும், மற்ற மாணவர்கள் அவரைக் கெட்ட வார்த்தையால் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், கீழே தள்ளுவார்கள். திருப்பி அடிக்கக் கூடாது, விழும்போது தலையை எப்படிக் காப்பது என்று பழக வேண்டும். வாரக்கணக்கில் இதே ஒத்திகைதான். 1960 பிப்ரவரியில் அவர்கள் கடைகளுக்குள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேடைகளில் போய் உட்கார்ந்தபோது ஒத்திகையில் பார்த்ததெல்லாம் அப்படியே நடந்தது. ஏப்ரலில் டயான் நாஷ் என்ற மாணவி, வயது 21, நகர மேயரை நேருக்கு நேர் பார்த்து, இப்படிப் பிரித்து வைப்பது சரியென்று உங்கள் மனசுக்குப் படுகிறதா என்ற பொருளில் ஒரே கேள்வி கேட்டார். தப்புதான் என்று மேயர் ஊரார் முன்னிலையில் ஒத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. மே மாதம் அந்த உணவு மேடைகள் திறந்துவிட்டன. எந்தக் கேள்வியை யாரிடம் எப்போது கேட்பது என்பதும் படிப்புதானே?

அதற்கும் முன்னால், 1957இல், தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் குடியுரிமைப் பள்ளி என்று ஒன்று தொடங்கினார்கள். கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்குப் பதிய வேண்டுமானால் அரசியல் சாசனத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும் என்று அங்கே விதி. வாசிக்கத் தெரியாமல் வைத்துவிட்டு வாசித்துக் காட்டச் சொல்வது, எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். பள்ளி நடந்தது ஒரு கடையின் பின்னறையில், வெளியிலிருந்து பார்த்தால் கடை மட்டும் தெரியும்படி. முதல் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், அழகுநிலையம் வைத்திருந்தவர், டீச்சர் பயிற்சியெல்லாம் இல்லை. அவர் முதல் நாள் போய் உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை என்றுதான் கேட்டார். பெயர் எழுத வேண்டும் என்றார்கள், பைபிள் வாசிக்க வேண்டும் என்றார்கள், தபாலில் சாமான் வரவழைக்கிற படிவத்தை நிரப்பத் தெரிய வேண்டும் என்றார்கள். அந்தப் படிவமே பாடப்புத்தகம் ஆனது. அங்கிருந்துதான் அரசியல் சாசனத்துக்குப் போனார்கள். சில வருடங்களில் இந்த மாதிரிப் பள்ளிகள் தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவின.

சரி, பழைய கதை போதும். படிப்பு கெடுமா என்பதற்கு வருகிறேன். சான்பிரான்சிஸ்கோவில் எட்டாவதில் ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், நான்குக்கு 2.0க்குக் கீழே இருந்த பிள்ளைகளை ஒன்பதாவதில் எத்னிக் ஸ்டடீஸில் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். வருகை 21 சதவீதப் புள்ளி கூடியது, ஜிபிஏ 1.4 புள்ளி கூடியது. இவ்வளவு பெரிய ஏற்றமா என்று அதைச் சந்தேகித்து எழுதிய கல்வியாளர்களும் உண்டு, கவனித்த பிள்ளைகள் எண்ணிக்கை சின்னது என்பது அவர்கள் வாதம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் படிப்பு கெட்டது என்று யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

போவதற்கு முன் அந்த அமைப்பிடம் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். பிள்ளைகள் கையால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். தரவு எடுப்பார்களா, பேட்டி எடுப்பார்களா, நகரசபை பட்ஜெட்டைப் புரட்டுவார்களா, அறிக்கை எழுதுவார்களா? "விவாதிப்போம், பகிர்ந்துகொள்வோம்" என்று மட்டும் பதில் வந்தால் எஸ்ஏடிக்கே உட்கார வையுங்கள்.


பெயர் வேண்டாம்:

படிக்கிற பிள்ளை படிக்கட்டும் அம்மா. ஊர் வம்பு நமக்கெதற்கு.


டாலஸ் தகப்பன்:

வகுப்பறைவாசி சார் நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் எல்லா இடத்திலும் அவர் மாதிரி வாத்தியார் கிடைப்பதில்லை. என் அனுபவம் வேறு, அதையும் கேளுங்கள்.

பையன் எட்டாவது படிக்கும்போது, அப்போது வேறொரு மாநிலத்தில் இருந்தோம், ஒரு நாள் ஒரு தாளைக் கொண்டுவந்தான். சின்னச் சின்னக் கட்டங்கள். இனம், பாலினம், மொழி, மதம், வருமானம் என்று. எது உனக்குச் சாதகம், எது பாதகம் என்று டிக் அடிக்க வேண்டுமாம், கடைசியில் கூட்டிப் பார்க்க வேண்டுமாம். இவன் இனம் என்ற இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். "அப்பா, நமக்கு இது பிளஸ்ஸா மைனஸா?" என்று கேட்டான். நான் என்ன சொல்ல? அவன் வகுப்பில் அப்பா டிரக் ஓட்டுகிற வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் இருந்தான், இவனுக்கு நல்ல நண்பன். அந்தத் தாளில் அந்தப் பையனுக்குச் சாதக மார்க் அதிகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை. இதுதான் நீதிக்கான கல்வி என்றால் எனக்கு வேண்டாம். பிள்ளையைப் பார்த்து நீ ஒரு பாவப்பட்டவன் என்று சொல்லிச் சொல்லியே அவன் காலை ஒடிக்கிற வேலை அது.

அதே சமயம், நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெக்சாஸுக்கு வந்த பிறகு இங்கே தலைகீழ். 2021இல் ஒரு சட்டம் போட்டார்கள். சட்டமன்ற உறுப்பினரை அணுகி ஒரு விஷயத்துக்காக வாதாடினால் அதைப் பாடத்தின் பகுதியாக வைக்கக் கூடாது, அதற்கு மார்க் போடக் கூடாது என்கிறது. அதுவரை சமூக அறிவியல் வகுப்பில் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று ஒரு வீட்டுப்பாடம் இருந்ததாம், மூத்த பிள்ளைகள் சொல்கிறார்கள். என் பையன் காலத்தில் அது இல்லை. டீச்சர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். கட்டத்தில் டிக் அடிப்பதை எதிர்த்தவன் நான், ஆனால் கடிதம் எழுதுவதில் என்ன குற்றம் கண்டார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை. எதை நிறுத்த வேண்டுமோ அதை விட்டுவிட்டு...

சான்ஹோசே அம்மாவுக்கு நான் சொல்வது, அனுப்பாதீர்கள் என்றில்லை. ஒரு நாள் நீங்களே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார விடமாட்டோம் என்றால் அதுவே பதில்.


எல்.ஏ. தமிழச்சி:

தமிழ் ஸ்பெல்லிங் தப்பு இருந்தால் மன்னிக்கவும், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ், அதற்கப்புறம் அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் எழுதிப் பழகியது.

ஆன்ட்டி, உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் நான். இப்போது முப்பதை நெருங்குகிறேன். 2012-13இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹைஸ்கூல் படித்தபோது இதே மாதிரி ஒரு பள்ளி முடிந்த பிறகான வகுப்பில் இருந்தேன். மேலே ஒருவர் ஊர் வம்பு என்று எழுதியிருக்கிறார். என் அப்பாவும் எழுத்து மாறாமல் அதையேதான் சொன்னார்.

என்ன செய்தோம் என்று அப்படியே சொல்கிறேன். அப்போது கலிபோர்னியாவில் சஸ்பென்ட் ஆகிற பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் "வேண்டுமென்றே கீழ்ப்படியாமை" என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதென்ன குற்றம் என்றால், தொப்பியைக் கழற்றவில்லை, புத்தகம் கொண்டுவரவில்லை, கண்ணை உருட்டினாள். ஒரே கண் உருட்டல்தான், நான் உருட்டினால் "தூக்கம் வருதா?" என்பார்கள், பக்கத்து சீட் கறுப்பினப் பெண் உருட்டினால் ஆபீசுக்கு அனுப்புவார்கள். நான் அதை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், பார்த்தேன் என்பதே எனக்குத் தெரியாது. வகுப்பில் கல்வித் துறை வெளியிடும் தரவைக் கையில் கொடுத்து, எங்கள் பள்ளியின் வரிசையைக் கண்டுபிடித்து, யார் எத்தனை சதவீதம், அதில் சஸ்பென்ட் ஆனவர்கள் எத்தனை சதவீதம் என்று கால்குலேட்டரில் போடச் சொன்னார்கள். என் கையால் போட்ட கணக்கு. அதற்கப்புறம் அதை மறக்க முடியவில்லை.

ஸ்கூல் போர்டு, அதாவது மாவட்டத்துப் பள்ளிகளை நிர்வகிக்கிற குழு, அதன் கூட்டத்தில் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். ஆளுக்குச் சில நிமிடம்தான், நேரம் முடிந்தால் மைக்கை நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் சமையலறை டைமர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். முதல் தடவை நான் வணக்கம் சொல்லி என்னை அறிமுகப்படுத்திக்கொள்வதற்குள்ளேயே பாதி நேரம் போய்விட்டது. முதல் வாக்கியத்திலேயே என்ன வேண்டும் என்று கேள், அப்புறம் கணக்கைச் சொல், கடைசியில் உன் கதையைச் சொல் என்றார். நிஜக் கூட்டத்தில் நான் பேசியபோது ஒரு உறுப்பினர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் ஒத்திகை பார்த்திருந்தோம்! ஒத்திகையில் ஒரு பையன் வேண்டுமென்றே போனைப் பார்ப்பான், நாம் தடுமாறாமல் பேச வேண்டும்.

2013 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் போர்டு அந்தக் காரணத்துக்காக சஸ்பென்ட் செய்வதை நிறுத்த ஓட்டுப் போட்டது. கலிபோர்னியாவில் அதைச் செய்த முதல் பள்ளி மாவட்டம். நாங்கள் மட்டும் செய்தோம் என்று சொல்லவில்லை, பல அமைப்புகள், பெற்றோர்கள், வக்கீல்கள், பல வருட வேலை. ஆனால் அந்த அறைக்குள்ளே கணக்கோடு போய் நின்றதில் நானும் ஒருத்தி. அப்புறம் மாநிலம் மெதுவாகச் சின்ன வகுப்புகளிலிருந்து ஆரம்பித்து, 2024 ஜூலையில் பன்னிரண்டாவது வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. பதினோரு வருடம்! அந்தப் பொறுமையையும் அங்கேதான் கற்றேன்.

டாலஸ் அங்கிள், அந்தக் கட்டத் தாள் எனக்கும் பிடிக்காது. எங்கள் வகுப்பில் அது இல்லை, ஆனால் வேறு ஒன்று நடந்தது, அதையும் சொல்கிறேன். ஒரு நாள் ஒரு கறுப்பினப் பையன் என்னிடம், சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான், "உங்க ஆட்களுக்குள்ளே சாதி என்று இருக்கிறதாமே, உன்னுது என்ன?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. அன்று இரவு சாப்பாட்டில் அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவே இல்லை, அம்மாவும் சொல்லவில்லை, சோறு ஆறிப்போய்விட்டது. மற்றவர்கள் நம்மை என்ன செய்தார்கள் என்று படிக்கப் போனவள், நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வியோடு வந்தேன். இன்றைக்கு சியாட்டில் 2023இல் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்திலேயே தடை செய்துவிட்டது, கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் 2022இலேயே விதியில் சேர்த்துவிட்டன, அதே கலிபோர்னியாவில் அதற்கான மசோதாவை 2023இல் கவர்னர் கையெழுத்திடாமல் திருப்பிவிட்டார். இதெல்லாம் நம் வீட்டு விஷயம் ஆன்ட்டி. "விருந்தாளி" என்று அங்கிள் சொன்னாராம். நாம் வரும்போது இதையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறோம்.

உங்கள் மகள் வீட்டுக்கு வந்து சங்கடமான கேள்வி கேட்பாள். அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.


பிரையாரிட்டி டேட் 2013:

விசா விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, வரிசையில் நின்று நின்று நரைத்தவன்.

முதலில் அந்த 600 டாலர். எச்4 பிள்ளைக்கு வேலை செய்யும் அனுமதி கிடையாது. ஊக்கத்தொகை என்று பெயர் வைத்தாலும் செய்த வேலைக்குக் கூலி மாதிரி ஆகிவிட்டால் பிரச்சினை. வாங்குவதற்கு முன் உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள், இல்லை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இது தெரியாது, அமைப்பில் இருப்பவர்களுக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது.

இரண்டாவது, வகுப்பில் உட்காருவதும், போர்டு கூட்டத்தில் பேசுவதும், கடிதம் எழுதுவதும் குற்றமே இல்லை. ஆனால் கைது என்று ஒன்று நடந்தால், வழக்கே தள்ளுபடி ஆனாலும், விசா படிவத்திலும் கிரீன் கார்டு படிவத்திலும் எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும். ரோட்டை மறிக்கிற இடத்தில் குடியுரிமை உள்ள பிள்ளைகள் முன்னால் நிற்கட்டும், உங்கள் பிள்ளை தண்ணீர் பாட்டில் கொடுக்கட்டும். கேட்கக் கசப்பாக இருக்கும், எனக்கும்தான். டிசம்பர் 2025 முதல் எச்1பி, எச்4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் பார்க்கிறார்கள், பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்க, அதாவது ஸ்டாம்பிங், போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது நல்ல செய்தி. கலிபோர்னியாவில் மிடில் ஸ்கூலிலும் ஹைஸ்கூலிலும் படிக்கும் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு நாள் குடிமை அல்லது அரசியல் நிகழ்ச்சிக்குப் போக முறைப்படி விடுப்பு எடுக்கலாம், 2023 முதல் சட்டமே இருக்கிறது. பள்ளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யாரும் பயன்படுத்துவதில்லை.


வகுப்பறைவாசி:

டாலஸ் நண்பரே, அந்தத் தாள் என் கைக்கும் வந்தது, நானும் ஒரு வருடம் கொடுத்தேன். உங்கள் பையன் கேட்ட அதே கேள்வியை என் மாணவி ஒருத்தி கேட்டாள், அதோடு கிழித்துப் போட்டேன். மனிதரைக் கூட்டிக் கழிக்கிற வேலை நம் வேலை இல்லை.

ஆனால் தடை போடுகிறவர்கள் தாளை மட்டும் தடை செய்வதில்லை என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அரிசோனாவின் டூசானில் மெக்சிக-அமெரிக்க வரலாற்று வகுப்பு நடந்தது. அதில் படித்த பிள்ளைகள் மாநிலத் தேர்வில் தேறுவதும் பட்டம் வாங்குவதும் மற்றவர்களைவிட அதிகம் என்று பிறகு ஆய்வில் வந்தது. 2010இல் அதைக் குறிவைத்தே சட்டம் போட்டார்கள். 2011 ஏப்ரலில் ஒன்பது மாணவர்கள் போர்டு உறுப்பினர்களின் நாற்காலிகளில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அப்படியும் 2012 ஜனவரியில் வகுப்பை மூடிவிட்டு, புத்தகங்களைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனார்கள். 2017இல் ஒரு ஃபெடரல் நீதிபதி, இந்தச் சட்டம் இனக் காழ்ப்பில் போடப்பட்டது, செல்லாது என்று சொல்லிவிட்டார். தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பிள்ளைகள் பள்ளியை முடித்தே ஐந்து வருடம் ஆகியிருக்கும்.

கலிபோர்னியாவிலும் எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். 2021இல் எத்னிக் ஸ்டடீஸைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டார்கள், ஆனால் பணம் ஒதுக்கினால்தான் அமலாகும் என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டார்கள். 2025 பட்ஜெட்டில் பணம் வரவில்லை. விருப்பமுள்ள மாவட்டங்கள் நடத்துகின்றன, மற்றவை கைகழுவிவிட்டன.


சான்ஹோசே அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

டாலஸ் அண்ணா சொன்னபடி போய் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன், தாராளமாக வாருங்கள் என்றார்கள். மாதிரி வகுப்பு ஒன்று, சனிக்கிழமை. கணவரும் வந்தார், கையைக் கட்டிக்கொண்டு, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில். அன்றைக்குப் பாடம் பகத் சிங் திந்த் வழக்கு. எனக்குக் கேள்விப்பட்ட பெயரே இல்லை. பஞ்சாபிலிருந்து வந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டார். வெளியிலிருந்து வருகிறவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் குடியுரிமை என்று சட்டம் இருந்ததால், நான் உயர்சாதி, ஆரிய இனம், அதனால் நானும் வெள்ளையன்தான் என்று வாதாடினாராம். 1923இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலருக்கும் அதன் பிறகு அது பறிபோயிற்று.

பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, திந்துக்கு வக்கீலாக நீங்கள் இருந்தால் இந்த வாதத்தை வைப்பீர்களா என்று கேட்டார்கள். ஒரு பையன், ஜெயிப்பதுதான் முக்கியம், வைப்பேன் என்றான். என் மகள், வைத்தால் ஜெயித்தாலும் தோற்றமாதிரி என்றாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "ஆனா அவருக்கு வேற வழி என்ன இருந்தது?" என்று. திரும்பிப் பார்த்தால் இவர்தான். கட்டின கை பிரிந்துவிட்டது. நல்ல கேள்வி, நீங்களும் ஒரு குழுவில் சேருங்கள் என்று சொல்லிவிட்டார் அந்த ஒருங்கிணைப்பாளர் பையன், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பதினைந்து நிமிடம் அப்பாவும் மகளும் எதிரெதிர்க் குழுவில் வாதாடினார்கள். காரில் வரும்போதும் நிற்கவில்லை. சாதி என்ற சொல் எங்கள் காருக்குள் சத்தமாக ஒலித்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எல்.ஏ. தமிழச்சி, நீ எழுதியதைப் படித்திருந்ததால் நான் ரசம் எடுக்க எழுந்து போகவில்லை, காரில் எங்கே போவது!

வக்கீலிடமும் பேசினோம். ஊக்கத்தொகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஊர்வலம் ஏதும் வந்தால் முதல் நாளே எங்களிடம் சொல்ல வேண்டும் என்று மகளிடம் கணவர் வாக்கு வாங்கியிருக்கிறார். "மற்ற பிள்ளைகள் முன்னால் நிற்க நான் மட்டும் பின்னால் நிற்பதா" என்று அழுதாள். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. எஸ்ஏடி மாலையில் ஒரு மணி நேரம், அதில் சமரசம் கிடையாதாம்.

ஜூனில் தொடங்குகிறது. பெர்யெஸாவிலிருந்து பார்ட் ரயிலில் தனியாகவே போய்வருகிறேன் என்கிறாள். அது வேறு சண்டை, இன்னும் முடியவில்லை. ஃப்ரீமான்ட் பக்கமிருந்து யாராவது பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்றால் தனிச் செய்தி அனுப்புங்கள், இரண்டு பேராகப் போனால் இவர் ஒத்துக்கொள்வார்.